தண்டின் காழும் ஒளியின் சான்றும்

தாவரங்களைத் தண்டின் காழ் கொண்டு வகுத்தது தொல்காப்பிய மரபியல். புறத்தே காழுடையவற்றைப் புல் என்றும் அகத்தே காழுடையவற்றை மரம் என்றும் அது கூறும். அம்முறைப்படி வானளாவிய எம் பனையும் புல்லினமே. ஆயின், அக்காழ் எப்பொருளால் ஆயது என்னும் வினாவுக்கு விடை தருவது இரசாயனம்.

தண்டின் கலச்சுவர்களிற் செலுலோசு நாராய் நிற்க, இலிக்னின் அந்நார்களைப் பிணித்து இறுக்குகின்றது. இலிக்னின் மிகுந்த வைக்கோலை மாடு எளிதிற் செரிக்கமாட்டாது. அதன் அளவை அறியப் பழைய முறை ஒன்றுண்டு. தண்டை அரைத்து, நூற்றுக்கு 72 பங்கு செறிவுள்ள சல்பூரிக்கமிலத்தாற் செலுலோசு முதலியவற்றைக் கரைத்து நீக்கி, எஞ்சியதை நிறுத்தலே அது. அதற்குக் காலமும் செல்லும். எடுத்த மாதிரியும் அழியும்.

ஒளியோ விரைவில் விடை பகரும். 1800இல் வில்லியம் ஹேர்ஷல் கண்டறிந்த செந்நிறக்கீழ்க் கதிர்களை ஒவ்வொரு பொருளும் தனக்குரிய இடங்களில் உறிஞ்சும். இலிக்னினில் உள்ள பென்சீன் வளையங்கள் சதமமீற்றருக்கு ஏறக்குறைய 1510 அலைகள் என்னுமிடத்தில் தம்மைக் காட்டும். 1976இல் அமெரிக்காவிற் கார்ல் நொறிசும் அவர்தம் தோழரும், தீவனப் புல்லிற் பட்டு மீளும் கதிரை அளந்தே அதன் தரத்தைக் கணிக்கலாமெனக் காட்டினர். இன்று அது சில நிமிட வேலை.

எனினும், நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. கதிர் எதனையும் தானே நிறுப்பதில்லை. பழைய முறையால் முன்னரே அளந்த பல மாதிரிகளோடு ஒப்பிட்டே கருவி தீவனத்தின் தரத்தைக் கணிக்கும். குளிர்நாட்டுப் புல்லைக் கொண்டு அளவு திருத்திய கருவி, சிலிக்கா மிகுந்த எம் நெல் வைக்கோலுக்குப் பிழையான எண்ணையும் தயங்காது காட்டும். அதனை நம்பித் தீவனம் வகுத்தால் மெலிவது எம்மவரின் மாடே. கருவியை விலைக்கு வாங்கலாம். எம் மண்ணில் விளையும் தண்டுகளுக்குரிய ஒப்பீட்டளவுகளை நாமே உழைத்து ஆக்கல் வேண்டும்.

ஆதலின், விழா நினைவாக ஆய்கூடத்துக்குப் புதுக் கருவி வழங்க விழையும் பழைய மாணவர் நல்ல தராசையும் உலர்த்தும் அடுப்பையும் முதலில் வழங்குவாராக. இன்றைய மாணவரும் நிறுத்தலையும் வடித்தலையும் காலங்கடந்த தொழில்களென இகழாதிருப்பாராக. அவர்தம் குறிப்பேட்டிற் பொய்யின்றிப் பதிந்த எண்களே நாளை ஒளிக்கு நாவாகும்.