வீசாக் கட்டணமும் வீழ்ந்த ரூபாவும்

வீசா வழங்கும் பொறுப்பை வெளிநாட்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்த தீர்மானத்துக்கு இலங்கையின் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 2ஆம் திகதி இடைக்காலத் தடை விதித்து, வீசா வழங்கும் பழைய முறையை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டுமென்று ஆணையிட்டது. அந்த மாதம் முடியும் தறுவாயிலும் அந்த ஆணை நிறைவேற்றப்படாமல், வெளிநாட்டுப் பிரயாணிகள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வரிசையில் நின்று வீசாப் பெற்று வெளியேறும் காட்சி, இந்நாட்டு நிர்வாகத்தின்மீது மிஞ்சியிருந்த நம்பிக்கையையும் குலைப்பதாக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் திகதி தொடங்கியது இந்த விவகாரம். அதை முழுவதும் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், 2012ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த ஓர் இணையவழி ஏற்பாட்டைக் கைவிட்டு, அந்தப் பொறுப்பை வெளிநாட்டு நிறுவனக் கூட்டொன்றிடம் ஒப்படைத்தவர்கள், அதனால் தேசத்துக்கு விளையும் அனுகூலம் யாதென்று ஜனங்களுக்கு விளங்கும்படி சொல்லவில்லை.

இது வெறும் நிர்வாகப் பிழையாக இருந்திருந்தால் நாம் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டோம். நாணயம் வீழ்ந்துகிடக்கும் ஒரு தேசம், அந்த வீழ்ச்சியிலிருந்து பெறக்கூடிய ஒரேயொரு பிரயோஜனத்தையும் தன் கையாலேயே தள்ளிவிட்டது என்பதே நமது முறைப்பாடு. 2022 மார்ச் மாதத்தின் முதல் வாரம்வரை ஏறத்தாழ 200 ரூபாவில் வலிந்து நிறுத்திவைக்கப்பட்டிருந்த டொலரின் விலை, இரண்டே மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது அந்தப் பாரத்தைச் சுமந்தவர்கள் யார்? பால்மாவுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் விடியுமுன்பே வரிசையில் நின்ற குடும்பத்தினர். மண்ணெண்ணெய் இல்லாமையால் தொழிலுக்குப் போக முடியாமல் தவித்த மீனவர்கள். அச்சிடக் கடதாசி இல்லையென்று பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட மேல் மாகாணத்து மாணவர்கள். மருந்துத் தட்டுப்பாட்டினால் சத்திரசிகிச்சை தள்ளிப்போன நோயாளிகள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 70ஐயும், உணவுப் பொருள்களின் விலையேற்றம் நூற்றுக்கு 95ஐயும் நெருங்கின. சம்பளம் அதே சம்பளமாக இருக்க, அதைக்கொண்டு வாங்கக்கூடிய பாணும் பருப்பும் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தன.

இவ்வளவு கொடுத்த பின்னர் நாட்டுக்கு எஞ்சிய லாபம், டொலரோடு வரும் அந்நியருக்கு இத்தீவு மலிவாகத் தோன்றுவதுதான். நாணயம் வீழ்ந்தால் ஏற்றுமதி பெருகும் என்பது பொருளாதார நூல்கள் கூறும் விதி; ஆனால் தேயிலைக்கு வேண்டிய உரமும் ஆடைக்கு வேண்டிய துணியும் பெரும்பாலும் டொலர் கொடுத்து வாங்கப்படுகின்றமையால், அந்த வழியில் வரும் லாபத்தின் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. உல்லாசப் பயணத்துறையிலும் அத்தகைய கசிவு உண்டு. பெரிய ஹோட்டல்களின் மதுவும் பாலாடைக்கட்டியும் கப்பலில்தான் வருகின்றன. என்றாலும், சீகிரியாக் குன்றையும் அறுகம்குடா அலையையும் எவரும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அவற்றைக் காண வருபவர் கொடுக்கும் பணம், எல்லவில் முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கும், பாசிக்குடாவில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுபவருக்கும், வீதியோரத்தில் செவ்விளநீர் விற்பவருக்கும் இடைத்தரகர் எவருமின்றி நேரே போய்ச் சேருகிறது. 2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து ஏறத்தாழ 438 கோடி டொலரை இந்நாட்டில் செலவிட்டார்கள். ஈஸ்டர் குண்டுவெடிப்புகளும் கொள்ளைநோயும் பொருளாதார வீழ்ச்சியும் அடுத்தடுத்துத் தாக்கியதனால், 2021இல் அந்த எண்ணிக்கை இரண்டு இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. 2023இல் ஏறத்தாழ 15 இலட்சமாக மீண்டது என்றால், அந்த மீட்சியில் பாதி, ரூபாவின் வீழ்ச்சியைத் தம் வயிற்றில் தாங்கிய சாமானியரின் உபயம் என்றே நாம் கருதுகிறோம்.

அந்த மலிவும் நிலையானதன்று. 2022 டிசெம்பரில் விலைவாசி அதற்கு முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 57 ஏறியிருந்தது. டொலரின் விலையோ 2024 ஆகஸ்டில் இறங்கி 300 ரூபாவை ஒட்டி நின்றது. ஆகவே, வெளிநாட்டார் இங்கே தம் டொலரைக் கொண்டு அதிகமாக வாங்கக்கூடிய காலம் ஏற்கனவே தேய்ந்துகொண்டு வந்தது. இப்படிச் சுருங்கிவந்த ஓர் அனுகூலத்தைக் கண்ணைப்போல் காக்க வேண்டிய வேளையில்தான், 50 டொலருக்குப் பெறக்கூடியதாக இருந்த பிரயாண அனுமதியின் இடத்தில், சேவைக் கட்டணங்களையும் சேர்த்து 100.77 டொலர் அறவிடும் திட்டம் கொண்டுவரப்பட்டது. நால்வர் கொண்ட ஒரு குடும்பம் இந்த மண்ணில் காலடி வைப்பதற்கு முன்பே 403 டொலர், அதாவது ஏறத்தாழ ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா, செலுத்த வேண்டுமென்று சொன்னது எந்த நியாயத்தில் அடங்கும்? அத்தொகையில் ஒருவருக்கு 25.77 டொலர் திறைசேரிக்கு வரும் வருமானமும் அன்று. இடையில் நிற்கும் நிறுவனத்தார் சேவையின் பெயராலும் வசதியின் பெயராலும் பெற்ற கூலி. அவ்வளவு பணம் ஒரு பிரயாணியின் கையில் மிஞ்சியிருந்தால், அது ஏதோவொரு கிராமத்து உணவுக்கடையில் ஒரு குடும்பத்தின் சில நாள் வருமானமாக இறங்கியிருக்கும். பகிரங்கக் கேள்விப்பத்திரம் கோராமல் இந்த ஒப்பந்தம் செய்யப்பட்டது என்று எழுந்த குற்றச்சாட்டுக்குத் திருப்தியான பதில் வரவில்லை. 2024 மே மாத ஆரம்பத்தில் விமான நிலையத்தில் ஒரு பிரயாணி உரத்த குரலில் கண்டித்ததை நாடே பார்த்த பிறகுதான், 30 நாள் வீசாவுக்குப் பழைய 50 டொலர்க் கட்டணமே தொடரும் என்று அமைச்சரவை தீர்மானித்தது. ஒப்பந்தத்தை மாத்திரம் தொடவில்லை. அதைத் தொடுவதற்கு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

அயல் நாடுகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதையாவது இவர்கள் கவனித்திருக்கலாம். மாலைதீவு வருபவர் அனைவருக்கும் முப்பது நாள் அனுமதியை இலவசமாக வழங்குகிறது. மலேசியா இந்தியருக்கும் சீனருக்கும் 2023 டிசெம்பரிலேயே கதவைத் திறந்துவிட்டது. தாய்லாந்து 2024 ஜூலையில் 93 நாடுகளின் பிரஜைகள் வீசாவின்றி அறுபது நாள் தங்கலாம் என்றது. வியட்நாம் தொண்ணூறு நாள்களுக்கு 25 டொலர் கேட்கிறது. கடன் செலுத்த முடியாதென்று 2022 ஏப்ரலில் உலகுக்கு அறிவித்த நாமோ, நூறு டொலர் கேட்டோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்கும்போது இந்த வேதனை இன்னும் கூடுகிறது. பலாலிக்குச் சென்னையிலிருந்து விமானம் வருகிறது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. அது நல்லூர்க் கந்தன் திருவிழாக் காலம் வேறு. கீரிமலைக்கும் நயினாதீவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் வர விரும்பிய தமிழகத்து யாத்திரிகர், வாரத்துக்கொரு விதியாக மாறிய அறிவிப்புகளைப் படித்துக் குழம்பி, வேறு தலத்துக்குப் போகத் தீர்மானித்திருந்தால் அவரைக் குறைகூற முடியுமா? இந்தியருக்குக் கட்டணமில்லை என்ற அறிவிப்பினால் மட்டும் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடவில்லை. பிரயாணிக்கு வேண்டியது மலிவு மாத்திரமன்று, நிச்சயமும் வேண்டும். 1982இல் நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்த வருகை, 1983 ஜூலையின் வன்முறைக்குப் பின் பத்தாண்டுக்கு மேலாக அந்த அளவை எட்டவில்லை. அத்தனை ஆண்டுகளும் ரூபா மலிந்துகொண்டேதான் போயிற்று.

ஆனால் அனுபவத்திலிருந்து பாடம் கற்பது நமது அதிகார பீடங்களின் வழக்கமாக என்றும் இருந்ததில்லை. விமானங்கள் வருமா என்று ஆராயாமல் கடன்பட்டு மத்தளவில் ஒரு சர்வதேச விமான நிலையத்தைக் கட்டி 2013இல் திறந்துவைத்தார்கள்; அது பிரயாணிகளின்றி வெறுமையாகக் கிடந்ததை உலகப் பத்திரிகைகள் படம் போட்டுக் காட்டின. 2021இல் இரசாயன உரத்தை ஒரே ஆணையில் தடைசெய்து வயலையும் தோட்டத்தையும் வாடவைத்தார்கள். அதே ஆண்டில் டொலரின் உண்மை விலையை மறைத்து, மாதக் கணக்கில் 200 ரூபாவிலேயே கட்டிப்போட்டார்கள். வெளிநாட்டில் உழைக்கும் நமது பிள்ளைகள் வங்கியை விட்டு உண்டியல்காரரிடம் போனார்கள். 2020இல் 710 கோடி டொலராக இருந்த அவர்களின் பணவரவு 2022இல் 380 கோடிக்குச் சரிந்தது. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லாத நாளில், 2022 ஜனவரியில், 50 கோடி டொலர் கடன்பத்திரப் பணத்தை ஒரு சதமும் குறையாமல் செலுத்திப் பெருமை பேசினார்கள். ஒவ்வொரு முறையும் எச்சரித்தவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் தேசத்தின் முன்னேற்றத்துக்குத் தடையானவர்கள் என்று தூற்றப்பட்டார்கள். பலன் வந்தபோது தீர்மானித்தவர் எவரும் அதை அனுபவிக்கவில்லை.

பின்னர், 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வரவிருக்கையில், அவ்வாண்டு அக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் 35 நாட்டுப் பிரஜைகளுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தார்கள். ஏப்ரலில் இரட்டிப்பாக்கியதை அக்டோபரில் துறப்பதற்கு என்ன கணக்கு அடிப்படையாயிற்று என்பதை எவரும் கூறவில்லை. கேட்பதற்கு எவருக்கும் இடந்தரப்படவுமில்லை. உல்லாசப் பயணத்துறையோடு வாழ்வு பிணைந்தவர்களைக் கலந்தாலோசித்து, நாட்டின் கௌரவத்துக்கும் வருமானத்துக்கும் ஏற்ற ஒரு நிரந்தர ஏற்பாட்டை அரசாங்கம் செய்திருக்க வேண்டும். அதற்கு முன்னதாக நீதிமன்றத்தின் ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருக்க வேண்டும். டிசெம்பர்ப் பருவத்துக்கான முன்பதிவுகளை ஐரோப்பிய முகவர்கள் செய்துமுடிக்கும் காலம் அது. எந்த இணையதளத்தில், எவ்வளவு செலுத்தி அனுமதி பெறுவது என்று அவர்கள் கேட்டிருந்தால் சொல்ல, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் அந்த ஆகஸ்ட் முடியும் தறுவாயிலும் ஒரு பதில் இருக்கவில்லை.