வாடகை வாங்குவோரே, அறைக்குள் வரும் நச்சுக்காற்றுக்கு யார் பொறுப்பு?

 

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, சுங்குவார்சத்திரத்திலும் வல்லத்திலும் மாத்தூரிலும் வரிசை வரிசையாக வாடகை அறைகள் எழுந்துள்ளன. அவற்றுள் நம் சமுதாயத்தினர் கட்டியவையும் உண்டு. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஓர் அறைக்கு ஐவர், அறுவர் எனத் தங்குகின்றனர். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோர் வெளிச்சம் வராதிருக்க ஜன்னலை அட்டை வைத்து அடைக்கின்றனர். கொசுவுக்கு அஞ்சிக் கதவையும் சாத்துகின்றனர். அதே அறையின் மூலையில்தான் அடுப்பு. மின்சாரம் நின்றால் மாடிப்படிக்குக் கீழே ஜெனரேட்டர் உறுமுகிறது.

இவ்வறைகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள் என்று உரிமையாளர்களிடம் நாம் கேட்டு வருகிறோம். "இங்கென்ன ஊட்டிக் குளிரா, ஹஜ்ரத்?" என்பதே முதல் பதிலாக வருகிறது.

கரி, விறகு, டீசல், எரிவாயு எதுவாயினும் போதிய காற்றின்றி எரிந்தால் இந்த வாயு பிறக்கும். குளிருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு, குளிரில் மனிதன் கதவை அடைக்கிறான் என்பது மட்டுமே. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தமன் என்னும் மலையூரில், எரிவாயுக் கணப்பு எரிந்த விடுதி அறையில் கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் மாண்டனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள்ளேயே வைத்து உறங்கிய நண்பர்களுள் இருவர் எழவில்லை. இவை மலையூர்கள் என்பீர்கள். வடகரை மலையூர் அன்று; வெயிலும் வியர்வையும் உள்ள கேரளக் கடற்கரை ஊர். அங்கே 2024 டிசம்பரில், சாலையோரம் நிறுத்தப்பட்ட கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை இயக்கிச் சோதித்தனர். தரையிலிருந்த துளை வழியே புகை உள்ளே ஏறி, இரண்டு மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு 957 பி.பி.எம். அளவை எட்டியது, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 957 பங்கு. நம் மாடிப்படி ஜெனரேட்டருக்கும் அந்த வண்டியின் ஜெனரேட்டருக்கும் என்ன வேறுபாடு? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரமின்றிக் கிடந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்குப் பயந்து தம் பிரியாணித் தேக்சாவைக் கங்கோடு கூடத்துக்குள் இழுத்து வைக்கும் நம் வீட்டு வழக்கத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

"இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் நடக்கவில்லையே" என்பர் வேறு சிலர். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியின் உணவால் 150க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகே விடுதிகளின் நிலையை நாடு திரும்பிப் பார்த்தது. கெட்ட உணவை உண்டவர் மறியலுக்கு வருவார். இந்தக் காற்றைச் சுவாசித்தவர் வரமாட்டார். இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். வேலைக் களைப்பு என்றெண்ணிப் படுத்துவிடுவார். கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் அதுவும் ஏமாற்றும். நஞ்சேறிய இரத்தத்தையும் நல்ல இரத்தமென்றே காட்டும்.

இனி, விதியைக் காரணம் காட்டுவோர். மதீனாவில் ஒரு வீடு இரவில் வீட்டாரோடு எரிந்த செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. விதி என்று சொல்லி அவர்கள் அமைந்துவிடவில்லை. உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு கட்டளையிட்டார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இதை ஓதிக் கொடுக்கும் நாம், அணைக்க மறந்த நெருப்பை நமக்கு அறிவிக்கும் கருவியைத் தவக்குலுக்கு எதிரானது என்று எப்படிச் சொல்வது?

கேட்டு இணங்கியோரிடம் இன்னொரு நோய் உண்டு: ஆக மலிவானதைத் தேடி வாங்கி, ஆணியடித்து மாட்டி, கடமை முடிந்தது என்பது. பலர் வாங்குவது சமையல் எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி. அது வேறு, இது வேறு. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே அந்தக் கருவி தரையருகே இருக்கும். கார்பன் மோனாக்சைடோ அறைக் காற்றோடு கலந்து நிற்கும். இதற்கான கருவி உறங்குவோர் மூச்சுவிடும் உயரத்திலோ அதற்கு மேலோ இருக்கவேண்டும். இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு எல்லா வாயுவையும் எண்ணில் காட்டுவதாகச் சொல்லும் பெட்டிகளை நம்பாதீர்கள். இணையத்தில் விற்கப்பட்ட சில மலிவான கருவிகள் ஆபத்தான அளவிலும் ஒலிக்கவில்லை என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே 2022, 2023 ஆண்டுகளில் பெயர் சொல்லி எச்சரித்தது. ஒலிக்காத கருவி இல்லாமையைவிடக் கேடு. அதை நம்பி ஜன்னலையும் அடைப்பார்கள்.

கருவியின் மீது ஈ.என். 50291 அல்லது யூ.எல். 2034 என்ற தர எண்ணும், சோதித்துச் சான்றளித்த அமைப்பின் முத்திரையும் இருக்கவேண்டும். ஈ.என். தரப்படி 300 பி.பி.எம். அளவில் மூன்று நிமிடத்துக்குள் அலறவேண்டும். 50 அளவில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள். ஆகவே வத்திக்குச்சியைக் காட்டிவிட்டு, ஒலிக்கவில்லையே என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். உள்ளே மின்வேதி உணரி இருக்கிறதா, மாற்றவேண்டிய ஆண்டு அச்சிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏழு முதல் பத்து ஆண்டுகள் உழைக்கும். சோதனைப் பொத்தான் ஒலிப்பானும் பேட்டரியும் வேலை செய்வதைக் காட்டுமே தவிர, உணரி உயிரோடிருப்பதைக் காட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டரியில் இயங்குவதாக இருக்கட்டும். சுவரில் செருகி மின்சாரத்தில் மட்டும் இயங்கும் கருவி மின்தடையில் செத்துவிடும். ஜெனரேட்டர் ஓடுவதும் அப்போதுதானே!

தரமான கருவி சில ஆயிரம் ரூபாய். அறுவர் தங்கும் அறையின் ஒரு மாத வாடகையில் அடங்கிவிடும். அதன்பின் பல ஆண்டுகளுக்குச் செலவில்லை. இங்கிலாந்தில் எரிபொருள் சாதனம் நிலையாகப் பொருத்தப்பட்ட வாடகை அறைகளில், எரிவாயுச் சமையலடுப்பு நீங்கலாக, 2022 அக்டோபர் 1 முதல் இதைப் பொருத்துவது உரிமையாளரின் சட்டக் கடமை. நம் நாட்டில் வீடுகளுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. சட்டம் வரும்வரை காத்திருப்போம் என்போர், வாடகையை மட்டும் ஐந்தாம் தேதியே கேட்டு வாங்குவதேன்?

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் வைக்கும் கோரிக்கை இது: வடகிழக்குப் பருவமழைக்கு முன், மஹல்லாவில் அறை வாடகைக்கு விடுவோரை ஒரு ஜும்ஆவுக்குப் பின் அழைத்து அமர்த்துங்கள். ஜெனரேட்டரை மாடிப்படிக்குக் கீழிருந்து வெட்டவெளிக்கு, எந்த ஜன்னலுக்கும் எட்டாத தூரத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். தரமான கருவிகளை மொத்தமாக வாங்கி, அறைக்கொன்று கொடுத்து, விலையை உரிமையாளரிடமே வசூலியுங்கள். வாடகைக்காரர் தலையில் ஏற்ற வேண்டாம். அலறினால் முதலில் அனைவரும் வெளியேறவேண்டும், பிறகு 108க்கு அழைக்கவேண்டும் என்பதை இந்தியிலும் வங்காளத்திலும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். எழுதித் தர நம் மதரஸாவில் படிக்கும் பீகார் மாணவர்களும் வங்காள மாணவர்களும் ஆயத்தமாக இருக்கின்றனர்.