விடியலில் முதுகு ஏன் வளைய மறுக்கிறது?

இன்றிரவு படுக்கப் போகுமுன் சுவரோடு ஒட்டி நின்று, தலைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சமமாக வைத்து, உங்கள் உயரத்தைப் பென்சிலால் குறித்துக் கொள்ளுங்கள். காலையில் எழுந்த உடனே அதே இடத்தில் மீண்டும் குறியுங்கள். காலைக் கோடு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை மேலே இருக்கும்!

காலையில் உடம்பு கட்டைபோல் விறைத்திருப்பதற்கு இதிலேயே ஒரு காரணம் உள்ளது. நம் முள்ளெலும்புகளுக்கு இடையே 23 தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே உள்ள கூழ் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. அடைமழையில் உப்புச் சாடி நீர்கோத்துக் கொள்வதை இடையஞ்சாவடி, மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஏறக்குறைய அதே கதைதான். பகலில் உடலின் எடை தட்டுகளை அழுத்தி நீரைப் பிழிந்துவிடுகிறது. இரவில் படுத்ததும் பாரம் நீங்கி, அவை நீரை உறிஞ்சி உப்புகின்றன. உப்பிய தட்டு எளிதில் வளையாது. எடையின் அழுத்தமே இல்லாத விண்வெளியில் வீரர்கள் ஐந்து சென்டிமீட்டர் வரைகூட உயர்ந்துவிடுகிறார்கள். முதல் சில நாட்கள் முதுகுவலியால் அவதிப்படுவோரும் உண்டு.

ஆகவே, காலையில் நெளிகிற பிள்ளையைச் 'சோம்பேறி' என்று திட்டுவது நியாயமன்று. (மூட்டில் வீக்கத்தோடு தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டவேண்டும். வாத நோய் சிறுவர்களுக்கும் வரும்.)

எழுந்த கையோடு குனிந்து கால் விரலைத் தொடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும் என்பேன். நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்கள் காலையில் முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்ததாக 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பாயில் இருந்தபடியே கைகால்களை நீட்டுங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள், பத்து நிமிடம் நடங்கள். குனியும் பயிற்சி மாலைக்கு இருக்கட்டும்.

வெயிலுக்கு முந்திக்கொள்ள, விடியுமுன்பே உப்புப் பாத்தியில் இறங்குகிறவர்களுக்கு இந்த வசதி ஏது? உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் போனால் இதைச் சொல்லுங்கள்: நிமிர்ந்து நின்று பலகையால் உப்பை இழுக்கும் வேலை முதலில், குனிந்து கூடை தூக்குவது, முடிந்தவரை, பிறகு.

இனித் தூக்கத்துக்கு வருவோம். நீட்டி மடக்குவதைவிட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2016-இல் அறிவித்தனர். உறக்கம் குறைந்தால் சிறு வலியும் பெரிதாகத் தெரியும். தேர்வு நெருங்கினால் நம் வீடுகளில் நான்கு மணிக்கே எழுப்பிவிடுகிறார்கள். முந்தைய இரவு பத்தரை மணி வரை தொலைக்காட்சி ஓடியிருக்கும். கையில் செல்பேசியும் இருந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தரை மணி நேரம்தான்! நான்கு மணிக்கு எழுப்புவதானால் எட்டு மணிக்கே விளக்கை அணைக்கச் சொல்லி வீட்டில் கேளுங்கள்.