கர்னல் பிராண்டன் எப்ப மழையில நனைஞ்சார்?

போன வாரம் திரும்பவும் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' பார்த்தேன். மம்முட்டிக்காகத்தான், வேற என்ன :-)

2000-ல் ராஜீவ் மேனன் எடுத்த அந்தப் படம், ஜேன் ஆஸ்டனின் 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' நாவலைத் தழுவினதுன்னு எல்லாருக்கும் தெரியும். நாவலை நான் இப்பதான் முழுசா படிச்சு முடிச்சேன். மேஜர் பாலாவைத் தேடிப் போனா, அங்க இருந்தது வேற ஆள்.

1811-ல் வந்த நாவல்ல கர்னல் பிராண்டனுக்கு வயசு 35. அதிகம் பேசாத மனுஷன். ஃபிளானல் உள்சட்டை போடற கிழம்னு மேரியன் கிண்டல் பண்றா. அவ கால் பிசகி விழும்போது மழையில தூக்கிட்டு வர்றவன் வில்லபி. பிராண்டன் அவளைத் தூக்கறதே இல்லை. பின்னாடி அவ காய்ச்சல்ல கிடக்கும்போது, ராத்திரியோட ராத்திரியா வண்டி கட்டிப் போய் அவ அம்மாவைக் கூட்டிட்டு வர்றார். உருப்படியான வேலைதான், ஆனா சினிமாவுக்கு ஆகாது!

அதனால 1995-ல் ஆங் லீ படத்துக்குத் திரைக்கதை எழுதின எம்மா தாம்சன், கடைசியில இன்னொரு மழை பெய்ய வச்சு, ஆலன் ரிக்மனைத் தூக்க விட்டுட்டார். காதலன் செஞ்ச வேலை இவருக்கும் வந்தாச்சு. (படம் எடுத்தப்ப ரிக்மனுக்கு 49, கேட் வின்ஸ்லெட்டுக்கு 19. நாம யாரும் முகம் சுளிக்கலையே!) நம்ம மேஜர் பாலா இன்னும் ஒரு படி மேல. இலங்கைக்குப் போன அமைதிப்படையில காலை இழந்தவர், குடிக்கிறவர், கடைசியில சென்னை மழையில திறந்து கிடந்த சாக்கடைக் குழியில விழுந்த ஐஸ்வர்யா ராயைக் காப்பாத்தறார்.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? நாவலோட முடிவு உறுத்தும். அவர் மேரியன்கிட்ட காதலைச் சொல்ற காட்சியே கிடையாது. நல்ல மனுஷன், கஷ்டப்பட்டவர், நமக்கு உதவினவர்னு வீடே ஒண்ணா நின்னு, 19 வயசுப் பொண்ணைச் சம்மதிக்க வைக்குது. போகப்போக அவளும் அவரை முழுசா நேசிச்சான்னு சில பத்தியில முடிச்சிடறாங்க ஆஸ்டன். அந்த உறுத்தல் வேணும்னே வச்சதுன்னு எனக்குத் தோணுது. படம் எடுக்கறவங்க அதை பக்னு நினைச்சு ஃபிக்ஸ் பண்ணிடறாங்க.

எங்க பெரியப்பா பொண்ணுக்கு இப்படித்தான் நடந்தது. "ரொம்ப நல்ல பையன்டி"ன்னு மூணு மாசம் ஆள் மாத்தி ஆள் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அவர் நிஜமாவே நல்லவர்தான். ஆனா அக்கா சரின்னு சொன்ன அன்னிக்கு அவ முகத்தை யாரும் பார்க்கலை.

அவளுக்கும் மம்முட்டின்னா உயிர். நாவலைக் குடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.