படம் முதலில் லயத்துக்கு வரட்டும்

மலையகத்தில் இன்று பாடசாலை மாணவர்களும் இளைஞர் கழகத்தினரும் குழுவாகச் சேர்ந்து குறும்படம் எடுக்க முன்வருகின்றனர். ஒரு காலத்தில் வீடியோ கமரா என்பது கலியாண வீட்டில் மட்டும் காணும் பொருளாக இருந்தது. இப்போது கையடக்கத் தொலைபேசி ஒன்றே போதும். இதனைப் பார்க்கும் பெற்றோர், "படம் எடுத்தால் காணி கிடைக்குமா? அடுப்பெரியுமா?" என்று கேட்கின்றனர். இருந்த நிலத்தை இழந்து வேறிடத்தில் புதிதாக வேர்விட முயலும் குடும்பங்கள் இப்படிக் கேட்பது நியாயமே.

படத்தால் அடுப்பெரியாது. ஆனால் அது எப்படி எடுக்கப்படுகிறது, எடுத்தபின் முதலில் யாருக்குக் காட்டப்படுகிறது என்பவை முக்கியமானவை. அவற்றைப் பொறுத்தே ஒரு குறும்படம் சிதறிய சனங்களை ஒன்றுகூட்டும் கருவியாகவோ, அவர்களின் துன்பத்தை வெளியே விற்கும் சரக்காகவோ ஆகிறது. நம் பிள்ளைகளின் முயற்சியை இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும்.

மலைநாட்டைப் பற்றிப் பிறர் எடுத்த படங்களுக்குக் குறைவில்லை. 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற விவரணப்படம் உலகப் புகழ் பெற்றது. ஆங்கிலேயரான பசில் ரைட் இயக்கிய இப்படத்துக்கு ஆதரவளித்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. படத்தின் மூன்றாம் பகுதியின் பெயர் 'வணிகத்தின் குரல்கள்'. சந்தை நிலவரமும் வியாபாரச் செய்தியும் சொல்லும் குரல்கள் அதில் ஒலிக்கின்றன. ஒலி லண்டனில் சேர்க்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் கைகளைக் காண்கிறோம். அந்தக் கைகளுக்கு உரியவர்கள் தம் கதையைச் சொல்வதில்லை. பின்வந்த தேயிலை விளம்பரங்களும் பெரும்பாலும் இதே வழியில்தான் சென்றன. பச்சை மலை, கூடை, சிரித்த முகம் ஆகியவற்றைக் காட்டுவார்கள். மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் முகத்தைக் காட்டமாட்டார்கள்.

மலையகத்தவரும் படம் எடுத்ததுண்டு. தொழிற்சங்கத் தலைவரான வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' என்ற திரைப்படத்தை வெளியிட்டு அதில் நடித்தார். அக்காலத்தில் அதற்குப் பெரும் பணமும் திரையரங்கும் தேவைப்பட்டன. இன்று அந்தத் தடை பெருமளவு நீங்கிவிட்டது. இனி எஞ்சியிருப்பது பார்வை பற்றிய கேள்விதான்.

அக்கேள்விக்கு இந்தியாவின் தெலுங்குக் கிராமப் பெண்களிடம் ஒரு பாடம் உண்டு. இன்றைய தெலங்கானாவில், சகீராபாத் பகுதியில், தக்காண அபிவிருத்திச் சங்கம் என்ற அமைப்பு ஏழை விவசாயப் பெண்களின் சங்கங்களுடன் இயங்கி வருகிறது. 1990களின் பிற்பகுதியில் அச்சங்கங்களைச் சேர்ந்த சில தலித் பெண்கள் வீடியோ கமராவைக் கையாளக் கற்றனர். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஆகவே கமராக் கோணங்களுக்குத் தம் வாழ்க்கையிலிருந்தே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்ப்பது நிலச்சுவான்தாரின் கோணம். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது அடிமையின் கோணம். கண்ணுக்குக் கண் நேராக, சமமாகப் பார்ப்பது சங்கத்தின் கோணம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. துரை பங்களா மேட்டில் இருக்கும்; லயம் பள்ளத்தில் இருக்கும். பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தவர்கள் எத்தனை தலைமுறையாக அண்ணாந்து பார்த்தார்கள்! நம் மாணவன் ஒருவன் மலை உச்சியில் ஏறி நின்று லய வரிசையைப் படம் பிடித்தால் காட்சி அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவன் நிற்பது துரை நின்ற இடத்தில். இஸ்தோப்பில் பாட்டியின் எதிரில் குந்தியிருந்து, அவள் கண்மட்டத்தில் தொலைபேசியைப் பிடித்தால், அவள் பேசும் விதமே மாறிவிடும்.

அந்தப் பெண்கள் அழகு பார்த்ததோடு நின்றுவிடவில்லை. இந்தியாவில் 2002இல் அனுமதிக்கப்பட்ட மரபணு மாற்றப் பருத்தியை வாரங்கல் விவசாயிகள் பயிரிட்டபோது, அவர்களின் அனுபவத்தைப் படமாக்கி வெளியிட்டனர். விவசாயியின் நட்டத்தை விவசாயியே பதிவுசெய்தார்.

குழுவாக எடுப்பதில் இன்னொரு பயிற்சியும் அடங்கியிருக்கிறது. நம்மிடையே தொலைபேசி யாருடையதோ அவரே இயக்குநராகிவிடுகிறார். பெண்பிள்ளைகள் நடிக்கவும் தேநீர் ஊற்றவும் அழைக்கப்படுகிறார்கள். இது கங்காணி முறையின் மறுபிறப்பு. கமரா பிடிப்பது, ஒலியைக் கவனிப்பது, கேள்வி கேட்பது, படத்தைத் தொகுப்பது ஆகிய எல்லாம் முறைவைத்து மாறவேண்டும். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று பிள்ளைகள் வாதிடும்போது பெரியவர்கள் தலையிட அவசரப்படக் கூடாது. நாளை ஒரு கூட்டுறவுச் சங்கத்தையோ விவசாயச் சங்கத்தையோ நடத்தும் பழக்கம் அந்த வாதத்தில்தான் பிறக்கிறது.

இனி, "காணி கிடைக்குமா?" என்ற கேள்விக்கு வருவோம். கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையை அடுத்து ஃபோகோ என்ற தீவு உள்ளது. 1960களில் மீன்பிடி நலிந்து, மக்களை வேறிடங்களுக்குப் பெயர்க்கும் திட்டம் அத்தீவை நெருங்கியது. 1967இல் கொலின் லோ என்ற இயக்குநர் அங்கு சென்று, மீனவர்கள் பேசுவதை இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களாக எடுத்தார். ஒரு நியதி கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது. படத்தில் பேசியவர்கள் முதலில் பார்த்துச் சம்மதித்த பின்னரே அது மற்றவர்களுக்குக் காட்டப்படும். பின்னர் அப்படங்கள் தீவின் ஊர் ஊராகத் திரையிடப்பட்டன. ஒருவரோடொருவர் அதிகம் கலந்து பேசாதிருந்த ஊர்கள், தம் கவலை ஒன்றே என்று அறிந்துகொண்டன. அதிகாரிகளும் அமைச்சரும் படங்களைப் பார்த்தனர். கூட்டுறவுச் சங்கம் உருவாகியது. தீவு மக்கள் பெயர்க்கப்படவில்லை. படம் மட்டும் இதைச் செய்ததாகச் சொல்வது மிகை. செய்தவர்கள் மக்களே, படம் அவர்களைப் பேசவைத்தது.

நம் நிலைமை ஃபோகோவினுடையது போன்றதன்று. நம்மில் பலர் ஏற்கெனவே பெயர்க்கப்பட்டுவிட்டோம். கொத்மலைப் பள்ளத்தாக்கின் வயல்கள் 1985இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கின்றன. 1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களால் மலையை விட்டு வன்னிக்குச் சென்றவர்கள் காடு வெட்டிக் கமம் செய்து, யுத்தத்தில் அதையும் இழந்தார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. இந்த இடங்களின் வரப்பும் வாய்க்காலும் இன்று முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளன. பேரப்பிள்ளைகள் அவற்றைக் கேட்டுப் பதிவுசெய்தால், அது காணி உறுதி ஆகாது. ஆயினும் வெவ்வேறு இடங்களில் குடியேறியோர் மீண்டும் ஒருவரையொருவர் கண்டு பேச அது வழிசெய்யும்.

ஆகவே குறும்படம் எடுக்கும் மாணவர் குழுக்கள் சில நியதிகளை வகுத்துக்கொள்வது நல்லது. தொலைபேசியைத் தூக்குமுன் அனுமதி கேளுங்கள். பேசுவதால் வேலைக்கோ குடியிருப்புக்கோ ஆபத்து வரக்கூடியவரின் முகத்தைக் காட்டாதீர்கள். அழுகையை வரவழைப்பதற்காகக் கேள்வி கேட்காதீர்கள். உதவி நிறுவனங்களுக்குக் காட்டுவதற்காக எடுக்கப்பட்ட கண்ணீர்ப் படங்கள் போதுமான அளவு உண்டு. காற்றும் மழையும் உள்ள மலையில் குரல் கேட்காமல் போகும். பேசுபவருக்கு அருகில் செல்லுங்கள். "இதை எடுத்துவிடு மகளே" என்று பாட்டி சொன்னால் எடுத்துவிடுங்கள். முடிந்ததும் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடம் கொடுங்கள்.

போட்டிக்கு அனுப்புவதும் பரிசு பெறுவதும் தவறில்லை. ஆனால் கொழும்பு மண்டபத்தில் கைதட்டல் வாங்குமுன், லயத்துச் சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, படத்தில் உள்ளவர்கள் முன்னிலையில் அதைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் "ஆம், இது எங்கள் கதைதான்" என்று சொல்லட்டும். அல்லது பிழையைத் திருத்தட்டும். அதன்பின் படம் எந்த ஊருக்கும் தலைநிமிர்ந்து போகலாம்.