மருந்து வேலை செய்யிற வரைக்கும்

குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எண்ட குடல் அழற்சி நோய்கள் பெரும்பாலும் எங்கட வயதிலதான் தொடங்குது. ஆனால் கக்கூஸ் பற்றிக் கதைக்க வெட்கப்படுற சமூகம் நாங்கள். அதால புது மருந்து தொடங்குறவை தனியத்தான் தொடங்க வேண்டியிருக்கு.

அசத்தியோபிரின் குளிசையை எடுத்துப் பாருங்கோ. அது முழுசா வேலை செய்ய 2, 3 மாதம் பிடிக்கும். அதுவரை பெரும்பாலும் பிரெட்னிசலோன்தான் நோயை அடக்கி வைக்கும்; முகம் ஊதும், நித்திரை குழம்பும். வெள்ளை அணுக்கள் குறையுதா, ஈரல் தாங்குதா எண்டு அடிக்கடி இரத்தம் சோதிக்கவேணும். இந்த இடைவெளியிலதான் "உந்தக் குளிசையை விட்டுட்டு நாட்டு மருந்து குடி" எண்ட புத்திமதி வீட்டுக்கு வரும். வாரக்கணக்கா எடுத்த பிரெட்னிசலோனைத் திடீரெண்டு நிப்பாட்டினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

பயப்படுறது நியாயம். அந்தப் பயத்தை வைத்தியரிட்டக் கேள்வியாக் கேக்கவேணும்; காய்ச்சல் வந்தால் உடனே காட்டவேணும்.

நோயில்லாத எங்களுக்கும் வேலை இருக்கு. "கொழுத்திட்டாய்" எண்டு சொல்லாமல் இருப்பம். கிளினிக் நாளில விரிவுரைக் குறிப்பை எழுதி வைப்பம். கூப்பிட்டால் கூடப் போய் வரிசையில நிப்பம். மருந்துக்குப் பொறுமை வேணும் எண்டால் அதை நோயாளியிட்ட மட்டும் கேக்கிறது நியாயமில்லை.