ஞாயிறு யாருக்கு விடுமுறை?

ஞாயிற்றுக்கிழமை வாஷி ஏரிக்கரைக்குப் போனால் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். செம்பூரில் ஏறினால் கோவண்டி, மான்கூர்டு, அப்புறம் கடற்கழிப் பாலம், அடுத்தது வாஷி. 1992-இல்தான் இந்தப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் வளரும் நம் பிள்ளைகள் பாலம் முடியும்வரை ஜன்னலை விடமாட்டார்கள். 'மினி சீஷோர்' என்பார்கள். உண்மையில் அது கடலல்ல, மழைநீரைத் தேக்க அமைத்த குளம். பெயர் எதுவானால் என்ன, காற்று நல்ல காற்று!

இந்த ஞாயிறு முதலாளிகள் மனமிரங்கித் தந்ததல்ல. நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் பல ஆண்டுகள் போராடிய பின்னரே, 1890 ஜூன் 10-இல் பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு வார விடுமுறை கிடைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த பெருங்கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் மேடையேறிப் பேசினார்கள்.

அவர்கள் கேட்ட ஓய்வு நம் வீட்டுப் பெண்களுக்கு வந்து சேர்ந்ததா? ஏரிக்குப் போகிற நாளில்தான் அவர்கள் இன்னும் சீக்கிரம் எழுகிறார்கள். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி; திரும்பி வந்தால் கழுவாத பாத்திரம். ஆண்களாகிய நாமோ கரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு எட்டு மணி நேர வேலையைப் பற்றி முழங்குகிறோம்!

அடுத்த ஞாயிறு புளிச்சோற்றை நாமே கிளறுவோம். உப்புக் கரித்தால் இருக்கவே இருக்கிறது வடாபாவ். பாத்திரத்தையும் நாமே தேய்ப்போம்.